பழைய புத்தகங்களைத் தேடி: யாழ்ப்பாணத்தில் எஞ்சியவை

யாழ்ப்பாணத்தில் புத்தகக் கண்காட்சி நடைபெறுகிறது என்ற செய்தி கிடைத்தால், பழைய புத்தகங்களுக்கு மேசை போட்டிருக்கிறார்களா என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன். 2009ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னர் இங்கு கண்காட்சிகளுக்குக் குறைவில்லை. கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் புதிய நூல்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றன. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் வீதியோரத்தில் புத்தகம் விற்பவர்களைக் காணலாம். பழைய புத்தகம் என்று வரும்போது மட்டும் ஒரு மூலையில் ஒரு மேசை இருக்கும். அதில் ஐம்பது, அறுபது நூல்கள். அவற்றிலும் பாதி ஆங்கில நாவல்களும் பரீட்சை வழிகாட்டிகளும். இருபது நிமிடத்தில் தேடல் முடிந்துவிடும்.

சென்னை வாசகர்களுக்கு இது வியப்பாக இருக்கும். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்களில் பலர், வாசலுக்கு வெளியே நடைபாதையில் பரப்பியிருக்கும் பழைய நூல்களிலேயே பாதிப் பணத்தைச் செலவழித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். அதற்கு முன்னோடியாக அங்கே மூர் மார்க்கெட் இருந்தது. 1985 மே மாதம் அது எரிந்துபோகும்வரை தலைமுறை தலைமுறையாகத் தமிழறிஞர்கள் அங்கேதான் பழைய பதிப்புகளைத் தேடிப் பிடித்தார்கள். கொழும்பிலும் மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையோரமாகப் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருப்பதைப் பலர் அறிவர்.

யாழ்ப்பாணத்தில் அப்படியொரு சந்தை உருவாகவில்லை. ஏறக்குறைய இருநூறு ஆண்டு கால அச்சு வரலாறுடைய ஒரு மண்ணில் அந்நூல்கள் எல்லாம் எங்கே போயின? பத்திரிகையாளனாக வேலை செய்த காலம் முழுவதும் என்னோடு கூடவே வந்த கேள்வி இது.

முதலில், இங்கே என்ன அச்சானது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1820இல் அவர்களுக்காக அனுப்பப்பட்ட அச்சாளரை இலங்கையில் தங்குவதற்கு ஆங்கிலேய ஆளுநர் அனுமதிக்கவில்லை. 1830களில்தான் மானிப்பாயில் அவர்களுடைய அச்சகம் இயங்கத் தொடங்கியது. 1841இல் ‘உதயதாரகை’ பத்திரிகை வந்தது. 1842இல் மானிப்பாய் அகராதி வெளியாயிற்று. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குச் சென்று அச்சு இயந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். சமயப் போட்டி அச்சுப் போட்டியாகவும் ஆனது. அந்தப் போட்டியினால் இலாபம் அடைந்தது தமிழ்தான்.

அதன்பின் வந்தவற்றில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சைமன் காசிச்செட்டியின் ‘தமிழ் புளூட்டாக்’ 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ 1886இல் வந்தது. ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் ‘அபிதான கோசம்’ 1902இல் வந்தது. தமிழில் கலைக்களஞ்சியம் என்று சொல்லத்தக்க முதல் முயற்சி அதுவே. குரும்பசிட்டியைச் சேர்ந்த நா. பொன்னையா 1930இல் ‘ஈழகேசரி’யைத் தொடங்கினார். அவருடைய சுன்னாகம் திருமகள் அழுத்தகம்தான் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரின் உரைக்குறிப்புகளோடு தொல்காப்பியத்தை 1937 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டது. இவற்றைச் சுற்றிப் பாடநூல்கள், பஞ்சாங்கங்கள், கோயில் பதிகங்கள், கண்டனப் பிரசுரங்கள் எனச் சிறு வெளியீடுகள் எத்தனையோ வந்தன.

இவ்வளவு அச்சான இடத்தில் பழைய புத்தக வணிகம் தழைக்காததற்கு ஒரு காரணம் எங்கள் பழக்கத்திலேயே இருந்தது. யாழ்ப்பாணத்தில் புத்தகம் விலைக்குக் கைமாறுவது குறைவு. இரவலாகக் கைமாறும், அல்லது தானமாகப் போகும். கந்தபுராணமும் திருவாதவூரடிகள் புராணமும் கோயில்களிலே படித்துப் பயன் சொல்லப்பட்டன. அந்தப் பிரதிகள் வீட்டில் சுவாமி படத்துக்குக் கீழே வைக்கப்பட்டன. சரஸ்வதி பூசைக்கு அடுக்கி வைத்த நூலை மறுவாரம் விலை பேசுவதற்கு யாருக்கும் மனம் வராது. பாடநூல் அக்காவிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் போகும். வாத்தியார் இறந்தால் அவருடைய நூல்கள் ஊர் வாசிகசாலைக்குப் போய்விடும். ஆகவே பழைய புத்தகங்கள் கடைக்கு வரவில்லை. அவை வீடுகளிலும் வாசிகசாலைகளிலும் தங்கின.

யாழ்ப்பாணப் பொது நூலகம் பிறந்ததும் இந்த வழியில்தான். க. மு. செல்லப்பா என்பவர் 1933இல் தமது வீட்டிலேயே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஊர்ப் பெரியவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். 1934 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு நூலகம் திறக்கப்பட்டது. 1935இல் நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. 1959 ஒக்டோபர் 11இல் இன்றைய கட்டடம் திறந்துவைக்கப்பட்டபோதும், பின்னர் அது வளர்ந்தபோதும், அதன் பெருமைக்குரிய சேர்க்கைகள் பல தனிமனிதர்களின் வீட்டு அலுமாரிகளிலிருந்து வந்தவை. கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் சேர்க்கை, ஐசாக் தம்பையாவின் சேர்க்கை, கு. வன்னியசிங்கத்தின் சேர்க்கை என்று அவை பெயர் சொல்லி வைக்கப்பட்டிருந்தன. ஒரு சமுதாயம் தன் வீட்டுப் புத்தகங்களை ஓரிடத்தில் கொண்டுபோய்க் குவித்தது. அதுதான் அந்த நூலகம்.

1981 மே 31ஆம் திகதி இரவு அது எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. ‘ஈழநாடு’ பத்திரிகைக் காரியாலயமும் அந்த நாட்களிலேயே எரிந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். அந்த அழிவைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நான் இங்கே சொல்ல விரும்புவது வேறு ஒன்று. அந்த இரவில் அந்த நூலகத்தின் நூல்களுள் தப்பியிருக்கக்கூடியவை எவை? வாசகர்கள் இரவல் வாங்கிக் கொண்டுபோய் வீட்டில் வைத்திருந்தவை மட்டுமே. கட்டடத்துக்கு உள்ளே இருந்தவை பத்திரம் என்று நாம் நினைத்திருந்தோம். வெளியே இருந்தவை தப்பின.

யாழ்ப்பாண வைபவமாலையின் கதையும் இதையே சொல்கிறது. மயில்வாகனப் புலவர் 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய நூல் அது. அதன் ஏட்டுப் பிரதி நூலகத்தோடு எரிந்தது என்று பலரும் எழுதுவார்கள். ஏடு போயிருக்கலாம், நூல் போகவில்லை. 1879இலேயே பிரிட்டோ அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்டுவிட்டார். 1949இல் குல. சபாநாதன் தமிழில் பதிப்பித்தார். பல பிரதிகளாகிப் பல வீடுகளுக்குச் சிதறிப் போனதால் அது பிழைத்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடு ஏடாகத் தேடிச் சேர்த்து 1887இல் கலித்தொகையை அச்சேற்றியதன் பயனும் இதுவே. ஒரே ஓர் ஏடு என்பது ஒரே ஒரு தீக்குச்சிக்குப் போதுமானது. ஐந்நூறு பிரதிகளை அழிப்பது அவ்வளவு எளிதல்ல.

ஆனால் வீடுகளும் வாசிகசாலைகளும் அடுத்த பத்தாண்டுகளில் தாமே ஆபத்துக்கு உள்ளாயின. 1990 யூன் மாதம் போர் மீண்டும் தொடங்கியதும் வலிகாமம் வடக்கில் பல ஊர்களின் மக்கள் உடுத்த உடுப்போடு வெளியேறினார்கள். ‘ஈழகேசரி’ பொன்னையா பிறந்த குரும்பசிட்டியும் அவற்றுள் ஒன்று. அந்நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. கால் நூற்றாண்டு கழித்து அவற்றிற் சில பகுதிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது திரும்பிப் போன பலருக்கு வீட்டின் அத்திவாரத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. அங்கே புத்தக அலுமாரியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

1990இல் வந்த பொருளாதாரத் தடையும் நூல்களைத் தின்றது. மண்ணெண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை, கடதாசி இல்லை. பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக நான் படித்த காலம் அது. ஜாம் போத்தல் விளக்கில் திரியைத் தணித்து வைத்துக்கொண்டு படித்தோம். பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளிலும் அச்சாயின. கடதாசிக்கு விலை ஏறியதும் பழைய புத்தகங்கள் நிறுத்து விற்கப்பட்டன. கச்சான் சுற்றிய சரையைப் பிரித்தால் உள்ளே இலக்கண நூற்பா இருக்கும். பசித்த வீட்டில் றங்குப் பெட்டிக்குள் இருந்த நூலை விற்றவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எத்தனை முதற்பதிப்புகள் அப்படி மிளகாய்த்தூளும் சீனியும் சுற்றப் போயின என்பதை யாராலும் கணக்கிட முடியாது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி, சைக்கிளிலும் தலையிலும் சுமக்கக்கூடியதை மட்டும் சுமந்துகொண்டு மக்கள் தென்மராட்சிக்குப் போனார்கள். அரிசி, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்பத்தாட்சி, நகை. இவற்றுக்குப் பின்னர் புத்தகத்துக்கு எந்தச் சைக்கிளில் இடம் இருந்தது? 1996இல் திரும்பி வந்தபோது ஓடு இழந்த கூரைகளின் வழியே ஒரு மாரி முழுவதும் உள்ளே பெய்திருந்தது. நனைந்த நூலுக்குக் கறையான் வருவதற்கு அதிக நாள் தேவையில்லை.

இவ்வளவுக்கும் பின்னர் எஞ்சியவற்றைத் தேடுவதுதான் இங்கே பழைய புத்தகம் தேடுவது. இத்தேடலுக்குச் சில உபாயங்கள் உண்டு. முகப்புத்தாள் கிழிந்த நூலின் காலத்தை அறிவது முதற் சிக்கல். முகப்பு இருந்தாலும், பல நூல்களில் ‘பிரபவ வருடம்’ என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தப் பிரபவ 1867ஆ, 1927ஆ? விலையைப் பார்க்க வேண்டும். அணாவில் இருந்தால் பெரும்பாலும் இந்தியப் பதிப்பு. சதத்தில் இருந்தால் இலங்கைப் பதிப்பு, அதுவும் 1872இல் இங்கே ரூபாய்-சத நாணய முறை வந்ததற்குப் பிற்பட்டது. பிறகு எழுத்தின் வார்ப்பு, தாளின் நிறம், பின்னட்டை விளம்பரம். உள்ளே எழுதப்பட்ட பெயரும் சில வேளைகளில் உதவும். எது அச்சானது என்பதை அறிய நூலகவியலாளர் என். செல்வராஜா 2002 முதல் தொகுதிக்கு ஆயிரம் நூல்களாகத் தொகுத்துவரும் ‘நூல்தேட்டம்’ கைகொடுக்கும். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடினால், கையில் கிடைத்ததன் அருமை தெரியாமலே திரும்ப வைத்துவிட்டு வந்துவிடுவோம்.

பெரிய நூல்களைத்தான் தேட வேண்டும் என்பதில்லை. நாவலர் பதிப்புகளும் கணேசையர் பதிப்பும் எங்கேனும் ஓரிடத்தில் இருக்கும், மறுபதிப்பும் வரும். வேறெங்கும் கிடைக்காதவை சிறியவை. அந்தியேட்டியன்று வீட்டார் அச்சிட்டு வழங்கும் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தின் வமிசாவளி, இறந்தவர் எப்போது மலாயாவுக்குப் போனார், எந்தப் பாடசாலையில் கற்பித்தார், எவர் எங்கே மணம் செய்தார் என்பவை எல்லாம் அதில் இருக்கும். பாடசாலை ஆண்டு மலர், சனசமூக நிலையத்தின் வெள்ளிவிழா மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை, பழைய வாக்கிய பஞ்சாங்கம், நாடக நோட்டீசு. எந்த நூலகமும் பதியாத இவற்றில்தான் ஓர் ஊரின் சரித்திரம் கிடக்கிறது. நூறு பிரதி அச்சாகி, தொண்ணூற்றொன்பது போய்விட்டால், மேசையிற் கிடக்கும் அந்த ஒன்றுதான் மூலம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மருதானை வீதியோரக் கடையொன்றில் ஒரு பழைய சைவ சமயப் பாடநூலை எடுத்தேன். விலைமதிப்புள்ள நூல் அல்ல. உள்ளே வலிகாமம் வடக்கில் ஒரு வாசிகசாலையின் ஊதா நிற முத்திரை இருந்தது. பின்னட்டையில் ஒட்டிய திகதித் துண்டில் கடைசியாகப் பதியப்பட்டிருந்தது 1990 மே மாதத்துத் திகதி ஒன்று. அடுத்த மாதம் அந்த ஊரே இல்லாமற் போயிற்று. எப்படி வந்தது என்று கடைக்காரரைக் கேட்டேன். “கிலோக் கணக்கில வந்தது, சேர்” என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

அந்த நூல் யாருடையது? நான் பணம் கொடுத்தேன், ஆகவே என்னுடையது என்று சட்டம் பேசலாம். இரவல் வாங்கிய வாசகர் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாமற் போனதற்கு அவர் பொறுப்பல்ல. ஆனால் திரும்பிப் போக வேண்டிய நூல் அது என்பதை அந்தத் திகதித் துண்டு சொல்லிக்கொண்டிருந்தது. ஊருக்கு மக்கள் திரும்பியிருந்தார்கள். வாசிகசாலைக்கு ஒரு சிறு கட்டடமும் ஓர் அலுமாரியும் இருந்தன. கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய பதிவேடு இல்லை. புதிய பதிவேட்டில் புதிய இலக்கமிட்டு எழுதிக்கொண்டார்கள். அந்த ஊரின் பழைய வாசிகசாலையிலிருந்து அங்கு வந்து சேர்ந்த முதல் நூல் அதுதான் என்று சொன்னார்கள்.

தேடிக் கிடைத்த நூலை என்ன செய்வது என்பது இங்கே தனிப்பட்ட விருப்பம் மட்டும் அல்ல என்று நான் கருதுவது இதனால்தான். பூட்டிய அலுமாரிக்குள் வைத்து, வருபவர்களுக்கு முதுகை மட்டும் காட்டும் சேகரிப்பாளர்களை நான் அறிவேன். அவர்கள் காப்பாற்றியவர்கள்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அவர்களுக்குப் பின்? கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு விளம்பரப் பலகை ஓவியர். பழைய நூலும் தாளுமாக ஏறக்குறைய ஒரு இலட்சத்தைச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின்னர் சிக்காகோ பல்கலைக்கழகம் அச்சேர்க்கையை வாங்கி, சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைக்கச் செய்தது. எல்லாச் சேர்க்கைகளுக்கும் அந்த யோகம் வாய்க்காது. எங்களிடையே குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் பத்திரிகை நறுக்குகளை வாழ்நாள் முழுதும் சேர்த்து நுண்படச் சுருள்களாக்கினார். நாளிதழ் மறுநாள் பழந்தாள் என்று எண்ணும் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு அவர் ஒரு பாடம்.

இன்று அந்தப் பணிக்கு வேறு வழி திறந்திருக்கிறது. 1998 தைப்பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கியது. அந்த வழியில் 2005இல் ஈழத்து நூல்களுக்கென்று தொடங்கிய நூலகம் திட்டம் இப்போது ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பொது நூலகத்தில் 1981இல் எரிந்த தொகையைவிட அது அதிகம். எரிந்தவை எல்லாம் அதில் இருக்கின்றன என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஏட்டுச் சுவடிகள் போனவை போனவைதான். ஆனால் ஒரு பிரதி பல்லாயிரம் கணினிகளில் சிதறிக் கிடப்பது, நாவலரும் தாமோதரம்பிள்ளையும் அச்சில் செய்த அதே வேலையின் தொடர்ச்சி. 2012இல் ஆபிரிக்காவின் திம்பக்டு நகரம் தீவிரவாதிகளின் கையில் விழுந்தபோது, அங்குள்ள பழஞ்சுவடிகளிற் பெரும்பகுதி பிழைத்ததும், குடும்பங்களும் நூலகர்களும் அவற்றைப் பெட்டி பெட்டியாக வீடுகளுக்குப் பிரித்து மறைத்து வைத்து, பின்னர் வெளியே கொண்டு சென்றதால்தான்.

வெளிநாட்டில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாணத்தில் இப்போது பழைய வீடுகள் ஒவ்வொன்றாக விற்கப்படுகின்றன. வயோதிபப் பெற்றோர் காலமாகிறார்கள். பிள்ளைகள் கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ இரண்டு வார விடுமுறையில் வந்து வீட்டை ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஆட்டுக்கல்லுக்கும் பித்தளைக் குத்துவிளக்குக்கும் விலை கேட்க ஆள் உண்டு. புத்தகங்கள் பழைய இரும்பும் போத்தலும் எடுக்கிறவரின் வண்டியில் ஏறுகின்றன, அல்லது வளவு மூலையில் குப்பையோடு எரிகின்றன. தடையையும் இடப்பெயர்வையும் கறையானையும் தாண்டி வந்த நூல், சமாதான காலத்தில் நம் கையாலேயே போகிறது.

விமானம் ஏறுவதற்கு முன்னர் ஒரு பிற்பகலை அதற்கு ஒதுக்குங்கள். அப்பாவின் அலுமாரியை மட்டுமல்ல, பரணையும் றங்குப் பெட்டியையும் பாருங்கள். கிழிந்தது, அட்டை இல்லாதது என்று எதையும் தள்ளாதீர்கள். கல்வெட்டுகளையும் மலர்களையும் தனியாகக் கட்டி வையுங்கள். முத்திரை உள்ள நூலை அந்த வாசிகசாலைக்கோ பாடசாலைக்கோ கொடுங்கள். மற்றவற்றைப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ பொது நூலகத்துக்கோ நூலகம் நிறுவனத்தாருக்கோ அறிவியுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு தடவை படியெடுக்க விடுங்கள். அடுத்த கண்காட்சியில் அந்த மூலை மேசை இன்னும் சிறிதாகவே இருந்தாலும் பரவாயில்லை. நூல்கள் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் அது சிறுத்தது என்று இருக்கட்டும்.